சீல் அடிக்காத வாய்க்கால்

சென்ற செவ்வாய்க்கிழமை ஒரு மதகுக்காகக் கைதட்டினேன்.

ஒட்டுசுட்டானிலிருந்து காட்டோரமாக உள்ளே போகும் கிளைவீதி. உயர்த்தி, அகலமாக்கி, புதிதாகத் தார் போட்டிருக்கிறார்கள். வீதிக்கு அடியில், குறுக்கே, புத்தம்புதிய கொங்கிறீற் மதகு. திட்ட அதிகாரி ஒருவர் கையில் டப்லெட்டைப் பிடித்தபடி நின்றார். திரையில் அதே வீதி, அதே மதகு. மதகுக்குள் நீல நிறத்தில் தண்ணீர் ஓடியது. பிறகு அவர் கையை நீட்டி நிஜ மதகைக் காட்டினார். அதற்குள்ளும் தண்ணீர்... கொஞ்சம் கலங்கல்தான், ஆனால் ஓடியது.

"பாருங்கோ, மொடல்ல இருக்கிற மாதிரியே போகுது!" என்றார்.

எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன். இருபது வருடம் நிருபராகத் திறப்புவிழாக்களுக்குப் போன கைகள் இவை. என்னைக் கேட்காமலேயே தட்டிவிடும்.

தட்டாமல் நின்றவர் ஒருவர்தான். செல்வராணி அக்கா. மதகுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மூன்று ஏக்கர் வயலின் சொந்தக்காரி. அந்தத் தண்ணீர் எப்படி அந்த மதகுக்குள் வந்தது, அங்கிருந்து எதை மிதித்துக்கொண்டு போகிறது என்பது அவருக்குத் தெரியும். அங்கே நின்றவர்களில் இன்னும் மூன்று பேருக்கும் தெரியும். அந்த மூவரில் நான் ஒருவன். அதிகாரிக்குத் தெரியாது.

சொல்கிறேன். அதற்கு முன் ஒரு வாக்குமூலம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இந்த வீதித் திட்டத்தைப் புகழ்ந்து இதே பத்திரிகைப் பத்தியில் எழுதியவன் நான்தான். மறந்திருப்பீர்கள். மறக்காதவர்களும் இருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது.

வவுனியாவில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் தொடக்க விழா வைத்தார்கள். பீ.ஐ.எம். என்று மூன்று எழுத்தில் ஒன்றை அறிமுகப்படுத்தினார்கள். ஒரு வீதியையோ பாலத்தையோ மண்ணில் கட்டுவதற்கு முன்னால் கணினிக்குள் முழுதாகக் கட்டிப் பார்ப்பது. வெறும் படமாக இல்லை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு மதகுக்கும் ஒரு சாதகமே எழுதியிருக்கும். எத்தனை அகலம், என்ன கலவை, எப்போது போட வேண்டும், எப்போது துப்புரவாக்க வேண்டும் எல்லாம். ஒருவர் அதில் ஒரு மதகை நகர்த்தினால் கொழும்பில் இருப்பவருக்கும், முல்லைத்தீவில் இருப்பவருக்கும், கொந்தராத்துக்காரருக்கும் அந்த நிமிடமே நகர்ந்துவிடும். ஆளுக்கொரு வரைபடத்தை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு இடத்தில் தோண்டும் கூத்து இனி இல்லை. பணக்கார நாடுகள் பல வருடங்களாகச் செய்கின்ற காரியம். எங்களைப் போன்ற நாடுகளுக்கு இப்போது கடனோடு சேர்ந்து வருகிறது.

திரையில் எங்கள் வீதியைப் பறந்து பறந்து காட்டினார்கள். அழகுதான். இரண்டு பக்கமும் சிவந்த இலைகளோடு ஏதோ குளிர்நாட்டு மரங்கள். கோட் போட்ட ஆண்கள், தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளும் பெண்கள். ஒட்டுசுட்டான் காட்டுக்குள்!

பின்வரிசையிலிருந்து வயல் செய்யும் கமக்காரர் ஒருவர் எழும்பிக் கேட்டார். "எல்லாம் நல்லாத்தான் கிடக்கு. யானை ஒண்டையும் காணேல்லையே?"

மேடையில் நின்றவர் சிரிக்கவில்லை. "லைப்ரறியில யானை இல்லை" என்றார். மென்பொருளோடு வரும் படங்களின் தொகுப்பைத்தான் அவர்கள் லைப்ரறி என்கிறார்கள். அதில் மரமும் மனிதரும் காரும் உண்டு. எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லை.

எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மதிய உணவு நன்றாக இருந்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்து இப்படி ஒரு வரி எழுதினேன்: 'இனிமேல் மதகைத் தேடித் தண்ணீர் அலையாது.'

நல்ல வரி என்று நானே என்னைப் பாராட்டிக்கொண்டேன்.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் தொலைபேசி அடித்தது.

"வணக்கம் தம்பி. நீங்கள்தானே பேப்பரில எழுதுறது? 'இனிமேல் மதகைத் தேடித் தண்ணீர் அலையாது' எண்டு?"

"ஓம், நான்தான்" என்றேன். குரலில் பெருமை இருந்திருக்கும்.

"அப்ப ஒருக்கா வந்து என்ர வயலைப் பாருங்கோ. அலையப்போகுது."

நெடுங்கேணி வழியாகப் பஸ் பிடித்துப் போனேன். செல்வராணி அக்கா வீதியோரத்தில் ஒரு பாலை மரத்தடியில் நின்றார். ஐம்பது வயதைத் தாண்டியவர். தனியாளாகக் கமம் செய்கிறார். கையில் ஒரு பை. அதற்குள் என் பத்தி வெட்டி மடிக்கப்பட்டிருந்தது. யானைக்குக் கொளுத்தும் வெடியும் அதே பையில்தான் கிடந்தது.

"உங்கட எழுத்துக்கும் யானைவெடிக்கும் ஒரே பை" என்றார். "ரெண்டும் சத்தம்தானே."

பிறகு இடத்தைக் காட்டினார். வீதியின் ஒரு பக்கம் குளம். அங்கிருந்து வரும் வாய்க்கால் நேரே பாலை மரத்தடிக்கு வருகிறது. மறுபக்கம் அவருடைய வயலின் தலைப்பு, மேடான முனை. அவருடைய வயலுக்குப் பின்னால் இன்னும் மூன்று குடும்பங்களின் வயல்கள். தண்ணீர் முதலில் செல்வராணி அக்காவின் தலைப்புக்கு வந்து, அங்கே பிரிந்துதான் மற்றவர்களுக்குப் போகும்.

மதகுக்கான நான்கு சிவப்புத் தலை முளைகள் அடிக்கப்பட்டிருந்த இடம்? பாலை மரத்திலிருந்து நூற்றைம்பது மீற்றர் தள்ளி. அவருடைய வயலின் கடைசி மூலையில். அந்த இடத்தில் வாய்க்காலே இல்லை. பற்றைதான் இருந்தது.

"உதிலதான் முந்திப் பழைய வாய்க்கால் போனது" என்றார். "நாங்கள் திரும்பி வந்து குடியேறேக்க உந்தப் பக்கம் முழுக்க மிதிவெடிப் போட். சிவப்புப் போட்டில மண்டையோடு. வெடியெடுக்கிறவை எடுத்து முடிப்பினம், பிறகு விதைப்பம் எண்டு இருக்க ஏலுமே? எல்லாருமாச் சேர்ந்து இந்தப் பாலையடியால புது வாய்க்கால் வெட்டினனாங்கள். றோட்டுக்குக் கீழால பைப்பும் நாங்கள்தான் தாட்டனாங்கள். அண்டையில இருந்து தண்ணி இதாலதான் வருது. பழசு தூர்ந்துபோச்சு."

"அந்தப் பைப் எங்கே?"

அவர் விரலைக் காட்டிய இடத்தில், வீதியோரத்துக் குப்பையில், மூன்று துண்டாக உடைந்து கிடந்தது. வீதியை உயர்த்த வந்த இயந்திரம் கிண்டி எறிந்திருக்கிறது. எந்த வரைபடத்திலும் இல்லாத பைப். இல்லாத பொருளை உடைத்ததற்கு யார் பதில் சொல்வது?

"மாரிமழையில நெல்லு வளந்திடும் தம்பி. மழை விட்டாப் பிறகுதான் குளத்துத் தண்ணி தேவை. கதிர் வாற நேரம் தண்ணி வராட்டி முழுக்கச் சப்பி, உள்ளுக்கு அரிசி இராது. எனக்கு மட்டுமில்லை, பின்னுக்கு இருக்கிற மூண்டு வீட்டுக்கும்."

அவ்வளவுதான் பிரச்சினை. மாரிமழைக்கு முன்னால் அந்த நான்கு முளைகளையும் பிடுங்கி நூற்றைம்பது மீற்றர் தள்ளி அடிக்க வேண்டும். இதற்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று நினைக்கிறீர்கள்?

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கொந்தராத்து நடக்கும் இடத்தில் ஒரு கொண்டெயினர் பெட்டியே அலுவலகம். அதற்குள் தர்ஷினி என்ற பொறியியலாளர் இருந்தார். வவுனியாப் பெண். படிப்பு முடித்து இரண்டு வருடம். முகத்தைக் கடுகடுவென்று வைத்திருந்தார். ஒரு பத்திரிகைக்காரனும் ஒரு கமக்காரியும் சேர்ந்து உள்ளே வந்தால் யார்தான் சிரிப்பார்கள்?

ஆனால் விஷயத்தைக் கேட்டதும் மடிகணினியைத் திறந்தார். ஐந்து நிமிடம் பார்த்தார். நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"மொடல் பிழையில்லை சேர். மொடலுக்குக் குடுத்த ஷீட் பழசு. சண்டைக்கு முந்தி அளந்தது. அதில வாய்க்கால் அங்கதான் இருக்கு."

கணினி சொன்னதைச் செய்திருக்கிறது. இல்லாத வாய்க்காலுக்குத் துல்லியமாக, ஒரு சென்ரிமீற்றர் பிசகாமல், மதகு வைத்திருக்கிறது.

"இஞ்ச வந்து ஒருத்தரையும் கேக்கேல்லையே பிள்ளை?" என்றார் செல்வராணி அக்கா.

"நான் வரேக்க மொடல் ரெடியா இருந்தது அம்மா."

"சரி, இப்ப கேள். சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வா."

அந்தப் பெண் கழற்றிவிட்டு வந்தார். அதற்காக என் மரியாதை எப்போதும் உண்டு. குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் துருசிலிருந்து வாய்க்கால் வழியாக இருவரும் நடந்தார்கள். முன்னால் செல்வராணி அக்கா கையைக் காட்டிக்கொண்டு போக, பின்னால் தர்ஷினி அளவுக்கருவியைத் தூக்கிக்கொண்டு சேற்றுக்குள் போனார். பின்னேரம் வரை நடந்தார்கள்.

இரண்டு நாளில் மொடல் திருந்திவிட்டது. வாய்க்கால் பாலையடிக்கு வந்தது. மதகும் வந்தது. கொழும்பில் இருக்கும் ஆலோசகர்கள் பார்த்துச் சரி என்று பச்சை அடையாளம் போட்டார்கள். தர்ஷினி செல்வராணி அக்காவைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினார்.

"இது என்ன மரம் பிள்ளை?"

"உங்கட பாலை மரம் அம்மா."

"இதுவோ? இது வேற ஏதோ சாதி மரம்."

"லைப்ரறியில பாலை இல்லை."

"பரவாயில்லை. தண்ணி இருக்குத்தானே."

அன்று நான் மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போனேன். மூன்றெழுத்து வேலை செய்கிறது! அடுத்த கிழமை இன்னொரு புகழ்ச்சிப் பத்தி எழுதக் குறிப்புக்கூட எடுத்தேன். நல்லகாலம், எழுதவில்லை.

புரட்டாதியில் மறுபடி தொலைபேசி. "தம்பி, பழைய இடத்திலதான் கிடங்கு வெட்டுறாங்கள்."

கொந்தராத்துக்காரரின் மேற்பார்வையாளர் குணம் அண்ணை. முப்பது வருடமாக வீதி வேலை. நான் போனபோது கிடங்குக்குப் பக்கத்தில் குந்தியிருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். தர்ஷினி மடிகணினியை அவருக்கு முன்னால் நீட்டிப் பிடித்தபடி நின்றார்.

"பாருங்கோ அண்ணை. பச்சை. அப்றூவ் ஆகியிருக்கு."

"பாக்கிறன் மிஸ். வடிவா இருக்கு. ஆனா இது என்ர கையில இருக்கிற பேப்பர்." மடித்து மடித்து நாலாகக் கிழியப்போகும் ஒரு பெரிய வரைபடத்தை அவர் விரித்தார். மூலையில் ஊதா நிறத்தில் வட்டச் சீல், அதன்மேல் கையெழுத்து. "சீல் அடிச்ச பேப்பரில மதகு இஞ்ச. சீல் அடிச்ச பேப்பரில அங்க எண்டு தாங்கோ, நாளைக்கே அங்க வெட்டுறன்."

"மொடல்தானே கடைசி? பேப்பர் பழசெண்டு உங்களுக்கே தெரியும்."

"தெரியும் மிஸ். எனக்குத் தெரிஞ்சு என்ன செய்ய? ஒருக்கா ஒரு சேர் வாயால சொன்னதைக் கேட்டு ஒரு மதகை அங்கால தள்ளிப் போட்டனான். நல்ல இடத்திலதான் போட்டனான். பிறகு கணக்குப் பாக்கிற ஒடிற்காரர் வந்து கேக்க அந்த சேர் மாற்றலாகிப் போட்டார். நான் நிண்டு உடைப்பிச்சனான். நான் கட்டினதை நானே."

அவரைத் திட்ட முடியவில்லை. திட்டத்தான் போயிருந்தேன்.

ஒப்பந்தத்தில் இருப்பது இதுதான்: செல்லுபடியான வரைபடம் என்பது சீலும் கையெழுத்தும் உள்ள தாள். இத்தனை செலவில் மொடலைக் கொண்டுவந்தவர்கள் அந்த வரியை மாற்றவில்லை. மொடல் எல்லோருக்கும் வழிகாட்டலாம், எவரையும் கட்டுப்படுத்தாது. ஆளுக்கொரு வரைபடம் இருந்த இடத்தில் இப்போது ஆளுக்கொரு வரைபடமும் கூடவே ஒரு மொடலும் இருக்கின்றன.

சரி, புதிய தாளில் ஒரு சீல் வாங்குவோம் என்று தர்ஷினி கிளம்பினார். நானும் கூடப் போனேன். எத்தனையோ அலுவலகங்களில் காத்திருந்தவன் நான். பிள்ளைக்குத் துணையாக இருக்கும் என்று நினைத்தேன்.

சீல் இருக்கும் அலுவலகத்தில் மொடலைத் திறப்பதற்கென்று ஒரு கணினி உண்டு. தனி அறை, ஏ.சி., கதவுக்குப் பூட்டு. கணினியைப் பூப்போட்ட துணி மூடியிருந்தது. திரையின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும். சரஸ்வதி பூசைக்கு வைத்ததாம். போன வருடத்துப் பூசை.

"இதைத் திறந்து பார்த்துச் சரி சொல்ல ஏலாதோ?" என்று கேட்டேன்.

பயிற்சி எடுத்த உத்தியோகத்தர் மாற்றலாகிப் போய்விட்டார். கடவுச்சொல்லும் அவரோடு போய்விட்டது. புதியவருக்குப் பயிற்சிக்கு எழுதியிருக்கிறார்கள்.

"அப்ப பேப்பரில கொண்டுவாங்கோ" என்றார் மேசையில் இருந்தவர், நல்ல மனதோடு.

பெரிய தாளில் அச்சடிக்கும் இயந்திரத்தில் மை இல்லை. தர்ஷினி சாதாரண ஏ-4 தாளில் எடுத்துக்கொண்டு போனார். அதில் மதகு ஒரு எறும்பளவு. "இதில சீல் அடிச்சா மதகே மறைஞ்சுபோம்" என்றார்கள். உண்மைதான்.

வவுனியாவில் ஒரு அச்சுக்கடைக்குப் போனார். கலியாணத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் பனர் அடிக்கும் கடை. பெரிய தாள் முடிந்துவிட்டது, அடுத்த கிழமைதான் வரும் என்றார் கடைக்காரர். "அவசரமெண்டா பனரில அடிச்சுத் தாறன். மழைக்கும் நனையாது."

பனரில் அடித்தார். ஐந்தடி நீளம், பளபளவென்று, நாலு மூலையிலும் கட்டுவதற்கு ஓட்டையோடு. என் வாழ்நாளில் அதைவிடத் தெளிவான ஒரு மதகு வரைபடத்தை நான் கண்டதில்லை. அலுவலகத்தில் மேசைமேல் விரித்தோம். கையெழுத்து வைக்கும் அதிகாரி அன்று இருந்தார். பார்த்தார். தலையாட்டினார். சீலை மைப்பெட்டியில் அமுக்கி, பனர்மேல் குத்தினார்.

பிடிக்கவில்லை. ஊதா மை வழுக்கிப் பரவி, ஒரு நாவற்பழத்தை நசுக்கிய மாதிரி ஆகிவிட்டது.

இன்னொருமுறை குத்தினார். இரண்டாவது நாவற்பழம்.

"இதில பிடிக்காது பிள்ளை. பேப்பரிலதான் பிடிக்கும்" என்றார். அவருக்கும் கவலைதான். பெருவிரலில் இருந்த மையைத் துடைத்தபடி எங்களை வாசல்வரை வழியனுப்பினார்.

அடுத்த கிழமை தாள் வந்தது. வரைபடம் அச்சானது. அன்று கையெழுத்து வைக்கும் அதிகாரி இல்லை. கொழும்புக்குப் பயிற்சிக்குப் போயிருந்தார். என்ன பயிற்சி என்று கேட்காதீர்கள். அதே மூன்றெழுத்துத்தான்.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன் கொங்கிறீற் போடாவிட்டால் கிடங்கு குளமாகிவிடும். குணம் அண்ணை தர்ஷினிக்கு மூன்று நாள் தவணை கொடுத்தார். பிறகு தானாகவே இன்னும் இரண்டு நாள் பொறுத்தார். ஆறாம் நாள் போட்டுவிட்டார். பழைய தாளில் இருந்த இடத்தில், தாளில் இருந்த அளவில், நல்ல உறுதியான மதகு.

சீல் அடித்த புதிய வரைபடம் அவர் கைக்கு வந்தபோது கொங்கிறீற்றுக்கு எட்டு நாள் வயது.

"இப்ப தந்தா நான் என்ன செய்யிறது மிஸ்? உடைக்கவோ?" என்றார். "உடைக்கிறதுக்கும் சீல் அடிச்ச பேப்பர் வேணும்."

இப்போது பாருங்கள், ஒரு புதிய சிக்கல். மொடலில் மதகு பாலையடியில் நிற்கிறது. மண்ணில் நூற்றைம்பது மீற்றர் தள்ளி நிற்கிறது. வேலை முடியும்போது இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்பது விதி. ஒத்துப்போகாவிட்டால் மேலிடம் கேள்வி கேட்கும். ஆகவே ஏதாவது ஒன்றை மாற்ற வேண்டும்.

எதை மாற்றினார்கள் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

தர்ஷினியிடமே அந்த வேலையைக் கொடுத்தார்கள். நான் பக்கத்தில் இருந்தேன். எலியை அமுக்கி, மதகைப் பிடித்து, இழுத்து, பழைய இடத்தில் விட்டார். இரண்டு செக்கன். நீலத் தண்ணீரும் முறைப்பாடு எதுவும் இல்லாமல் அவர் பின்னால் போய், புதிய வழியில் ஓடத் தொடங்கியது.

"மொடலை மாத்திறதுக்கு மட்டும் சீல் தேவையில்லையாம் சேர்" என்றார்.

அழுவாரோ என்று பயந்தேன். அழவில்லை. மடிகணினியை மூடிவிட்டு, கொண்டெயினர் சுவரில் தொங்கிய பனரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாவற்பழத்தோடு அது அங்கேதான் கட்டியிருக்கிறது. வெயில் தாங்கும் சாமான்.

எங்களைப் போன்ற நாடுகளில் இதை எப்படிக் கொண்டுவருவது என்று மாநாட்டுக்கு மாநாடு பேசுகிறார்கள். பயிற்சி போதாது என்கிறார்கள். மென்பொருள் விலை என்கிறார்கள். மனப்பான்மை மாற வேண்டும் என்கிறார்கள்... யாருடைய மனப்பான்மை? முப்பது வருட அனுபவம் உள்ள குணம் அண்ணை மொடலைப் பார்த்துச் சரி என்றார். ஆறாம் வகுப்போடு நின்ற செல்வராணி அக்கா அதைத் திருத்தியே கொடுத்தார். சீல் குத்திய அதிகாரிகூடப் பனரில் இரண்டுதரம் குத்திப் பார்த்தார். மனிதர்கள் தயாராகத்தான் இருந்தார்கள். மைப்பெட்டியை யாரும் பயிற்சிக்கு அனுப்பவில்லை.

கார்த்திகையில் மழை கொட்டியது. நெல் வளர்ந்தது. மார்கழிக் கடைசியில் மழை விட்டது. கமக்காரர்கள் கூடித் துருசைத் திறந்தார்கள். தண்ணீர் பழக்கப்படி பாலையடிக்கு வந்தது. அங்கே உயர்த்திய வீதி சுவர்மாதிரி நின்றது. தண்ணீர் வீதியோர வடிகான் வழியே நகர்ந்து, மதகைக் கண்டுபிடித்து, செல்வராணி அக்காவின் வயலின் கடைசி மூலையில் வந்து விழுந்து, பற்றைக்குள் ஓடிப்போனது. தலைப்புக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. நெல்லோ குடலைப் பருவம், கதிர் இன்னும் தண்டுக்குள்.

ஒரு வழிதான் இருந்தது. மதகடியிலிருந்து தலைப்புவரை புதிதாக ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்ப வேண்டும். வயலுக்கும் வீதிக்கும் இடையில் முன்பு கொஞ்சம் நிலம் இருந்தது. அகலமாக்கிய வீதி அதை விழுங்கிவிட்டது. வெட்டுவதானால் செல்வராணி அக்காவின் வயலுக்குள்தான் வெட்ட வேண்டும். நாலு முழ அகலம், நூற்றைம்பது மீற்றர் நீளம். நிற்கிற பயிரில்.

மற்ற மூன்று குடும்பங்களும் வந்து வரம்பில் நின்றார்கள். ஒருவரும் வாய் திறந்து கேட்கவில்லை. எப்படிக் கேட்பது?

"என்ன, செத்தவீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறியள்?" என்றாராம் செல்வராணி அக்கா. "மண்வெட்டி கொண்டந்தனியளோ, சும்மா கையை ஆட்டிக்கொண்டு வந்தனியளோ?"

முதல் பிடி நெல்லை அவரே பிடுங்கினார். இன்னும் இரண்டு கிழமையில் கதிர் வெளியே வந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். வேலியோரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. குணம் அண்ணை. பின்னால் மண்வெட்டி கட்டியிருந்தது.

"மெசின் தர ஏலாது அக்கா. அதுக்குக் கடதாசி வேணும்" என்றார், அவர் முகத்தைப் பார்க்காமல். "நான் வரலாம்தானே?"

"உமக்குக் கடதாசி தேவையில்லையோ?"

"இண்டைக்கு லீவு."

"அப்ப இறங்கும்."

இறங்கினார். தர்ஷினி மட்டம் பார்க்கும் கருவியோடு வந்து, எங்கே எவ்வளவு ஆழம் என்று சொல்லிக்கொண்டு வரம்பில் நடந்தார். இம்முறை சப்பாத்து வீட்டிலேயே இருந்தது. நானும் ஒரு மணித்தியாலம் வெட்டினேன். அதன் பிறகு இரண்டு நாள் பேனா பிடிக்க முடியவில்லை. அதனால்தான் போன கிழமை இந்த இடத்தில் பழைய பத்தி ஒன்று வந்தது.

தண்ணீர் தலைப்புக்கு ஏறியது. விருப்பமில்லாமல்தான், மெதுவாகத்தான். ஆனால் ஏறிப் பிரிந்து நான்கு வயலுக்கும் போனது.

இதன் பிறகுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை. டப்லெட். கைதட்டல்.

தட்டி முடித்ததும் அதிகாரி வயல்பக்கம் திரும்பினார். புதிய வாய்க்காலைக் கண்டார். முகம் மலர்ந்துவிட்டது.

"இதையும் கமக்காரரே வெட்டினவையோ? நல்லது, நல்லது. சமூகப் பங்களிப்பு. ஒரு போட்டோ எடுங்கோ, ரிப்போட்டில போடலாம்." பிறகு செல்வராணி அக்காவைப் பார்த்து, "அம்மா, வயலுக்குத் தண்ணி வருதோ?"

"வருது ஐயா."

"சந்தோஷமோ?"

குணம் அண்ணை வெற்றிலை துப்ப வேண்டும்போல அப்பால் போனார். தர்ஷினி தன் கால்களைப் பார்த்தார். நான் குறிப்புப் புத்தகத்தில் எதையோ எழுதுவதாகப் பாவனை செய்தேன்.

செல்வராணி அக்கா டப்லெட்டை எட்டிப் பார்த்தார். திரையில் அவருடைய வயல் பச்சையாக, ஒரே சீராக, வீதியின் விளிம்புவரை இருந்தது. நாலு முழ வெட்டு அதில் இல்லை. அதை யாரும் மொடலுக்குச் சொல்லவில்லை.

விரலை வைத்து அந்த ஓரத்தைத் தொட்டார்.

"இதில என்ர நெல்லு முழுசா நிக்குது ஐயா. அறுவடைக்கு இதுக்குள்ள வரலாமோ?"

அதிகாரி பெரிதாகச் சிரித்தார். நல்ல பகிடி என்று நினைத்திருப்பார். மற்றவர்களும் சிரித்தார்கள். யாரோ மறுபடி கைதட்டக்கூடத் தொடங்கினார்கள்.

நான் இம்முறை கைகளைப் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டேன்.

இறுதியாக, பத்திரிகை வழக்கப்படி ஒரு திருத்தம். 'இனிமேல் மதகைத் தேடித் தண்ணீர் அலையாது' என்று இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அலைந்தது. செல்வராணி அக்கா, வெட்டி வைத்திருக்கும் அந்தத் துண்டில் இதையும் ஒட்டிக்கொள்ளுங்கள் — சீல் இல்லாமலே செல்லும்.